லாரிக்குக் கறுப்பு, காருக்கு மினுக்கு

கிராண்ட் ஐலண்டில் சந்தை மூன்று நாள்.
முதல் நாள் மழை. இரண்டாம் நாள் சேறு.
மூன்றாம் நாள் காலை
ஹார்லன் டீட்கே தன் ரேடியேட்டர் கூட்டைக்
கைக்குழந்தை போலப் போர்வையில் சுற்றிக்
கொண்டுவந்து என் மேசையில் கிடத்தினார்.

"இருபத்தொன்பதுதானே, லொரீனா?
அப்பா கல்யாணம் முடித்த வருடம்.
இருபத்தொன்பது என்று சொல்லிவிடுங்கள்."

நான் எதையும் சொல்லிவிடுவதில்லை.
அளவுகள் வைத்திருக்கிறேன்,
ஓட்ஸ் டப்பா அட்டையில் வெட்டியவை,
வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒன்று.
இருபத்தொன்பதின் அட்டையைத் தோளில் வைத்தேன்.
தம்பி சட்டையைப் போட்ட அண்ணன்:
எந்தப் பக்கமும் எட்டவில்லை.
முப்பதின் அட்டை
சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது.

"முப்பது," என்றேன். "இல்லாவிட்டால் முப்பத்தொன்று."

முகம் கொஞ்சம் சுண்டியது.
"போகட்டும். லாரிதானே.
கறுப்பு இருக்கிறது பாருங்கள்."

ஃபோர்டுக்காரர்கள் அந்த இரண்டு வருடமும்
காருக்கு மினுக்கும் எஃகு கொடுத்தார்கள்,
சுமை தூக்கும் சின்ன வண்டிக்குக் கறுப்புச் சாயம்.
சந்தையில் இதை அறியாதவர் இல்லை.
அந்தக் கறுப்பை யார் அடித்தது என்றுதான்
ஒருவரும் கேட்பதில்லை.

நான் உள்மடிப்பைப் பார்ப்பேன்.
முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்
காதுக்குப் பின்னால் போடுவதில்லை.
டார்ச் அடித்தேன்.
ஐம்பது வருடப் பூச்சி இறக்கைகளுக்கும்
காய்ந்த களிமண்ணுக்கும் அந்தப் பக்கம்
வெள்ளை வெளேரென்று எஃகு.
ஓரத்தில், சாயத்தோடு சாயமாக ஒட்டிக்கொண்டு
தூரிகையின் மயிர் ஒன்று.
தொழிற்சாலை மயிர் விட்டுப் போகாது.

"இது கார் முகம்," என்றேன்.
"யாரோ கறுப்படித்திருக்கிறார்கள்."

"வண்டி லாரிதான், அம்மா! பின்னால் பலகைத் தொட்டி.
அதில் அப்பா பன்றி ஏற்றிப் போனார்,
நானே கூடப் போயிருக்கிறேன்."

"கதவுக்குப் பின்னால் தகரம் எப்படி முடிகிறது?"

விரலால் காற்றில் வரைந்தார்.
நேராக வந்த கோடு
பாதியில் நெளிந்தது.
ரம்பம் போன வழி. நான் வாய் திறக்கவில்லை.
விரல் அங்கேயே நின்றது.

சோளம் விலை போகாத வருடங்களில்
நல்ல கார்களை முன் சீட்டுக்குப் பின்னால் அறுத்துத்
தொட்டி வைத்தார்கள்.
அறுத்தது தெரிந்தால் தெரியட்டும்,
மினுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று
எமில் டீட்கேவுக்கு ஏன் தோன்றியது?
கடன்காரன் கண்ணுக்கா, தேவாலய வாசலுக்கா?
அதற்கு என்னிடம் அட்டை இல்லை.

என்னிடம் சில்லறை வாங்கிக்கொண்டு
நுழைவாயில் தொலைபேசிக்கு நடந்தார்.
சேற்றில் ஒரு ஷூ கழன்றது.
மாட்டினார். மறுபடி கழன்றது.
திரும்பி வர அரைமணி.

"அக்கா ஆர்டித்திடம் பேசினேன்.
பின் சீட்டு எங்கே போயிருக்கும் என்றேன்.
சிரிக்கிறாள்.
பால் கறக்கும் கொட்டகையில் பெஞ்சு ஒன்று கிடந்தது,
சாம்பல் துணி, இரண்டு ஓரமும் உள்ளே வளைந்து.
பூனை குட்டி போடுவது அதன்மேல்தான்.
அந்த வளைவு சக்கரத்துக்கு விட்ட இடம், லொரீனா.
பூனைக்கு விட்டது என்றிருந்தேன் நான்."

என் மேசையில் சரியான கூடு ஒன்று இருந்தது.
அசல் லாரிக் கறுப்பு, பள்ளம் இல்லாதது,
தொண்ணூறு டாலர்.
எண்பதுக்குத் தரலாம் என்று வாய் வரை வந்தது.

அதை அவர் பார்க்கவே இல்லை.
தன்னுடையதைப் போர்வையில் சுற்றினார்,
இந்த முறை அவசரமாக,
ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க.

"பின் சீட்டு ஸ்பிரிங் யாரிடம் கிடைக்கும்?"

பதினோராம் வரிசை, என்றேன்.
நாய் கட்டியிருக்கும் வேன்.
கேட்ட விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.